மாமாவின் வேட்டிக்குள் ஒரு நட்டுவக்காலி

பாம்பு கடித்தவனுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. ஓடிப்போய் ஆட்டோ பிடிப்பார்கள், கோயிலுக்கு நேர்த்தி வைப்பார்கள், பிழைத்து வந்துவிட்டால் தோடம்பழப் பையோடு பார்க்க வருவார்கள். தேள் கடித்தவனுக்கு இவை ஒன்றும் கிடையாது. "சாகமாட்டாய், பயப்படாத" என்று சொல்லிவிட்டு அவரவர் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் அவன் சாவைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது அவர்களுக்கு விளங்காது.

நான் நெடுங்காலமாகத் தேள்களோடு குடும்பம் நடத்துகிறவன். இதை மனைவியைக் குத்திச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் (அவளும் இதை வாசிப்பாள்). எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். பெற்றவர்கள் தாங்கள் இருந்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கத்தில் ஒரு சின்ன வீடு கட்டி ஒதுங்கிக்கொள்வார்கள். அப்படித்தான் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் பிறந்து, கடற்காற்றில் வளர்ந்து, ஒரு அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக இருந்த நான் (கிளார்க்குக்கு இப்போது வைத்திருக்கும் பெயர் அது) ஒரு பயணப்பையைத் தூக்கிக்கொண்டு வாவியைக் கடந்து, படுவான்கரையில் பழுகாமத்துக்கு வந்து சேர்ந்தேன். வீடு கிடைத்தது, வளவு கிடைத்தது, கிணறு கிடைத்தது, கொஞ்சம் வயலும் கிடைத்தது. தேள்களைப் பற்றிக் காணி உறுதிப் பத்திரத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அவை எங்கள் வீட்டுக்கும் மாமாவின் சின்ன வீட்டுக்கும் நடுவிலிருந்த விறகு அடுக்கில் குடியிருந்தன. வெயில் காலத்தில் அவை அவற்றின் பாட்டில், நாங்கள் எங்கள் பாட்டில். மாரி தொடங்கி வாவி நிரம்பி வளவுக்குள் தண்ணீர் ஏறியதும், அவையும் எங்களைப் போலவே மேட்டைத் தேடும். அந்த வளவில் மேடு என்றால் அது எங்கள் வீடுதான். செருப்புக்குள் இருக்கும், துவாய்க்குள் இருக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைக்குள் இருக்கும். சின்னத் தேள் வந்தால் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. கறுப்பாக, விரல் தடிப்பில், முன்னுக்கு நண்டுக் கால்களை விரித்துக்கொண்டு ஒன்று வரும். அதற்குப் பெயர் நட்டுவக்காலி. அது வந்தால் அந்த அறை அன்றைக்கு அதற்குத்தான்.

ஆகவே அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. எதையும் உதறாமல் உடுக்கக்கூடாது. காலையில் எங்கள் வாசல் படலையைக் கடந்து போகிறவர்களுக்கு, உள்ளே யாரோ யாரையோ போட்டு அடிக்கிறார்கள் என்றுதான் தோன்றும். படார் படார் என்று சாரத்தை உதறுவோம், சீருடையை உதறுவோம், தலையணை உறையை உதறுவோம். என் மனைவி சுகந்தி கைக்குட்டையைக்கூட உதறித்தான் மூக்கைத் துடைப்பாள்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா என்றால் சுகந்தியின் தகப்பன். வேளாண்மை செய்தவர், வருடத்தில் பாதிநாள் வட்டையில்தான் கிடப்பார். (வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம்.) மாமி கண்ணை மூடியதற்குப் பிறகு அந்த மனிதர் சொற்களையும் சேர்த்து வைத்துச் செலவழிக்கிறவர் ஆகிவிட்டார். அவரையும் தேள் கடிக்கும். வரம்பில் கடிக்கும், சூட்டுக் களத்தில் கடிக்கும், கக்கூசுக்குப் போகும் வழியில் கடிக்கும். கடித்ததும் அவர் "ம்" என்பார். அவ்வளவுதான். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கொஞ்சம் தடவி, ஒரு சின்ன வெங்காயத்தை வெட்டித் தேய்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சோற்றைத் தொடர்வார். பக்கத்தில் இருக்கிறவருக்கு அவர் ஏதோ யோசனையை ஆமோதித்தது போல இருக்கும்.

என் முதல் கடி அப்படி அமையவில்லை. கல்யாணம் முடித்துச் சில கிழமைதான் ஆகியிருந்தது. விளக்கு வைக்கும் நேரம், கிணற்றடியில் குளித்துவிட்டுக் கொடியில் கிடந்த துவாயை எடுத்து முதுகைத் துடைத்தேன். உதறவில்லை. எழுவான்கரை ஆட்கள் துவாயை உதறுவதில்லை. தோள்பட்டைக்குக் கீழே யாரோ கொதிநெய்யை ஊற்றியது போல இருந்தது. நான் போட்ட சத்தத்தை நானே கேட்டு இன்னும் பயந்து, இன்னும் பெரிதாக ஒரு சத்தம் போட்டேன். அதைக் கேட்டு அடுத்த வளவில் ஒருவர் "யானை, யானை" என்று கத்தினார். அதற்கு அடுத்த வளவுக்காரர் தாமதிக்காமல் யானை வெடியைக் கொளுத்திப் போட்டார். (எங்கள் பக்கத்தில் யானை வருவது உண்மை, வெடி வீட்டில் இருப்பதும் உண்மை.) கொஞ்ச நேரத்தில் பந்தம், டோர்ச் லைட், கம்பு தடிகளோடு ஊர் எங்கள் கிணற்றடியில் நின்றது. நடுவில் நான் ஈரச் சாரத்தோடு குதித்துக்கொண்டிருந்தேன்.

மாமா ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார், கீழே விழுந்து கிடந்த துவாயைப் பார்த்தார், ஊரைப் பார்த்துத் திரும்பினார்.

"யானையும் இல்ல ஒண்டும் இல்ல. மருமகன்தான். எல்லாரும் போங்க."

அன்றிலிருந்து ஊரில் எனக்குப் பெயர் யானை மருமகன். மாமா அந்தப் பெயரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஆனால் யாராவது சொன்னால் மறுத்ததும் இல்லை. வெற்றிலையை மென்றுகொண்டு தூரப் பார்ப்பார். ஏசியிருந்தால்கூட இவ்வளவு கடுப்பு வந்திராது. அந்த வீட்டில் நான் குடியிருந்த காலமெல்லாம் அந்த மனிதர் என்னை ஒரு ஆளாக மதிக்கவில்லை என்ற நினைப்பு எனக்குள் கிடந்தது. நல்லதாக நாலு வார்த்தை பேசிக்கொண்டதாக ஞாபகம் இல்லை. ஆமாம், ஒரு தடவை கேட்டார், "கந்தோர்ல தேள் இல்லையா மருமகன்?" என்று. அலுவலகத்தில் இல்லை என்றேன். "அதான்" என்றார்.

மாமா செத்தது தை மாதத்து அடைமழைக்குள். நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார், ஒரு விடியற்காலை மூச்சு நின்றுவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினோம். கூரை பல இடத்தில் ஒழுகியது. சுவரெல்லாம் ஊறி, வீடு முழுக்க ஈரச் சாக்கு மணம். பெட்டிக்கு மேலே ஒழுகாத இடமாகப் பார்த்து நகர்த்தி வைப்பதே பெரிய வேலையாகிவிட்டது. சுகந்தி அழுது அழுது குரல் அடைத்துப்போய், சத்தம் வராத வாயோடு தகப்பனின் காலடியில் இருந்தாள். அவளை அப்படி நான் அதற்கு முன் கண்டதில்லை, அதற்குப் பின்னும் காண விரும்பவில்லை.

அவளுடைய ஒரே தம்பி தீபன் கட்டாரில். கம்பனி விடுமுறை கொடுக்கவில்லை. கடைசியில் மாமாவின் தலைமாட்டில் ஒரு கதிரையை வைத்து, அதில் போனை நிமிர்த்தி வைத்து, அவனுக்கு வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தார்கள். வருகிறவர்கள் பெட்டியைப் பார்த்து அழுதுவிட்டு, போனைப் பார்த்தும் அழுதார்கள். அவன் அங்கே வேலைத்தளத்தில் ஒரு கொள்கலனின் நிழலில் இருந்து அழுதான்.

"அத்தான், அப்பாவத் தூக்கக்குள்ள என்ட இடத்துல நீங்க நில்லுங்க" என்றான். "முன்னுக்கு வலது பக்கம். மாறிக் குடுக்காதீங்க. கடைசி வரைக்கும் நீங்கதான்."

நான் ஓம் என்றேன். அப்போதுதான் சுகந்தி என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டாள். நெல் மூட்டைகளுக்கு நடுவில் நின்று, அந்த அடைத்த குரலில், மெதுவாகச் சொன்னாள்.

"ஒண்டே ஒண்டுதான் கேக்கன். என்ட அப்பாட செத்த வீட்டில ஆரும் சிரிக்கக் கூடா. உங்களக் கண்டா இந்த ஊர் ஆக்களுக்குச் சிரிப்பு வரும். நீங்க விழக் கூடா, வழுக்கக் கூடா, சத்தம் போடக் கூடா. பேசாம கொண்டு போய்ச் சேத்துப்போட்டு வாங்க."

இதைவிடச் சின்ன வேண்டுகோளை ஒரு மனைவி கேட்க முடியாது. என்னைப் பற்றி அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பது அதில் இருந்தது. செத்தாலும் வாயைத் திறக்கமாட்டேன் என்று அவளுடைய கையைப் பிடித்துச் சொன்னேன்.

என்னுடைய வெள்ளை வேட்டிகள் எல்லாம் மழையில் நனைந்து முடிந்திருந்தன. மாமாவின் வேட்டி ஒன்று பின்னறையில், மூட்டைகளுக்கு மேலே மடித்தபடி காய்ந்து கிடந்தது. உள்ளே உடுக்கவும் என்னுடையது ஒன்றும் காயவில்லை. கைக்குக் கிடைத்தது பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மகன் போட்ட கட்டைக் காற்சட்டை. பளிச்சென்ற மஞ்சள் நிறம், பின்பக்கத்தில் சிவப்பு எழுத்தில் முல்லை இல்லம். வேட்டிக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று போட்டுக்கொண்டேன்.

வேட்டியை எடுத்தேன். வருடக்கணக்காகப் பழகிய கை தானாக உயர்ந்தது, உதறுவதற்கு. அந்த நேரம் பார்த்துப் பெரிய மாமி உள்ளே வந்தார். மாமியின் அக்கா அவர். செத்த வீடு, கல்யாண வீடு, சாமத்திய வீடு எல்லாவற்றுக்கும் சட்டம் சொல்கிறவர் (அந்தச் சட்டங்களில் பாதி அந்தந்த இடத்தில் நின்று அவரே போடுவது).

"என்ன செய்யிறீங்க மருமகன்? சவம் கிடக்கக்குள்ள துணி உதறக் கூடா. மூதேவி பிடிக்கும்."

"பூச்சி கீச்சி இருக்கும் மாமி."

"இருந்தா இருக்கட்டும். ஒரு நாளைக்கு உதறாட்டி என்ன? இருக்கிற மூதேவி காணாதா?"

போதாதா என்று அவர் சொன்ன அந்த மூதேவி நான்தானா என்று இன்றைக்கும் தெரியவில்லை. இன்றைக்காவது பேச்சு வாங்கக்கூடாது என்று, உதறாமலே கட்டிக்கொண்டேன். அந்த வீட்டில் என் வாழ்நாளில் நான் பெரியவர் சொல் கேட்டு நடந்தது அந்த ஒரு தடவைதான்.

மழை கொஞ்சம் விட்டதும் தூக்கினோம். வண்டி வர வழியில்லை, புதைக்கிற சவக்காலைக்குப் போகும் பாதை தண்ணீருக்குள் கிடந்தது. வட்டைக்கு நடுவால் போகும் உயர்ந்த வரம்பால் தோளில்தான் கொண்டுபோக வேண்டும். முன்னுக்கு வலது பக்கம் நான். இடது பக்கம் தம்பிராசா அண்ணன், மாமாவோடு சேர்ந்து வேளாண்மை செய்தவர், அவருடைய ஒரே கூட்டாளி. பின்னுக்கு இரண்டு இளவல்கள். ஒரு மருமகப் பொடியன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தீபனுக்குக் காட்டியபடி எங்களுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தான்.

படலையைத் தாண்டி நாலடி வைத்திருப்போம். இடுப்புக்குக் கீழே, வலது தொடையில், வேட்டி மடிப்புக்குள் ஏதோ அசைந்தது. அசைந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த அதே நொடியில் அது குத்தியது.

வாயைத் திறந்தேன். சத்தம் தொண்டை வரை வந்துவிட்டது. படலையில் பெண்கள் நின்று கதறிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு நடுவில் சுகந்தி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் கிடந்த சால்வையைப் பல்லால் கவ்வி வாய்க்குள் இழுத்துக்கொண்டேன்.

அந்த வலியை எப்படிச் சொல்வது. முதலில் ஒரு பொட்டில் நெருப்பு. பிறகு அந்த நெருப்பு காலுக்குள் இறங்கி, இடுப்புக்கு ஏறி, எங்கே போவது என்று தெரியாமல் உள்ளே சுற்றித் திரியும். வேர்த்தது. குளிர்ந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கக் கை இல்லை. பெட்டியை இறக்கி வைக்கலாம் என்றால் வரம்பின் இரண்டு பக்கமும் இடுப்பளவு தண்ணீர். மாறிக் கொடுக்கலாம் என்றால் அந்த ஒடுங்கிய வரம்பில் இன்னொருவன் நுழைய இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நின்றால் ஏன் என்று கேட்பார்கள், சொன்னால் சிரிப்பார்கள்.

பின்னால் வந்தவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"பாத்தியா மருமகன. சொந்த மகன் கூட இப்புடி அழமாட்டான்."

"ஓம் கா. நாம என்னமோ நினைச்சம். உள்ளுக்குள்ள எவ்வளவு பாசம் இருந்திருக்கு."

முன்னால் போனிலிருந்து தீபனின் குரல் வந்தது. "அத்தான், அழாதீங்க அத்தான். நீங்க அழுறதப் பாக்க எனக்குத் தாங்கேலா." அந்தப் பொடியன் அவன் நன்றாகப் பார்க்கட்டும் என்று போனை என் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தான்.

பாதி வழியில் அது இரண்டாம் தடவையும் குத்தியது, கொஞ்சம் மேலே. என் நடை மாறிவிட்டது. வலது காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து, இடைக்கிடை சும்மா துள்ளி, ஏதோ புது மாதிரி நடந்தேன். மாமாவும் பெட்டிக்குள் என்னோடு சேர்ந்து ஆடிக்கொண்டு வந்தார். தம்பிராசா அண்ணன் பக்கவாட்டில் என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, காலுக்கு என்ன?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயில் சால்வை. அதற்குள்ளிருந்து என்னால் வெளியே விட முடிந்தது ஒன்றே ஒன்றுதான். "ம்" என்றேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது மாமாவின் "ம்". இவ்வளவு காலமும் அந்த மனிதருக்கு வலிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். மரத்துப்போன ஆள், மாட்டுத்தோல் என்று சுகந்தியிடமே சொல்லியிருக்கிறேன். அவருக்கும் இவ்வளவு வலித்திருக்கிறது. களத்தில் நாலு பேர் பார்த்திருக்க, வீட்டில் மகள் பார்த்திருக்க, அவ்வளவையும் ஒரு எழுத்துக்குள் அடக்கி வைத்துவிட்டுச் சோற்றைத் தின்றிருக்கிறார். அதற்குப் பிறகு என் கண்ணிலிருந்து வந்த தண்ணீரில் எது தேளுக்கு, எது மாமாவுக்கு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. பாவி மனுசன் ஒரு தடவையாவது "வலிக்குது" என்று சொல்லியிருந்தால் நான் அவரோடு எவ்வளவோ கதைத்திருப்பேன்.

எப்படியோ சவக்காலைக்கு வந்து சேர்ந்தோம். குழிக்குள் ஊறிய தண்ணீரை இறைத்து வைத்திருந்தார்கள். கயிறு போட்டுப் பெட்டியை இறக்கினோம். விழவில்லை. வழுக்கவில்லை. சத்தம் போடவில்லை. யாரும் சிரிக்கவில்லை. மேலே வானம் கறுத்துக் கிடந்தது, எல்லோரும் தலையைக் குனிந்து நின்றார்கள். சுகந்திக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று அந்த வலிக்குள்ளும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. எனக்கு எப்போதெல்லாம் அப்படி நிமிர்கிறதோ அப்போதெல்லாம் ஒன்று நடக்கும்.

"மகன்ட இடத்துல நீங்கதான் தம்பி. மண்ணப் போடுங்க" என்றார் தம்பிராசா அண்ணன்.

மண் எடுக்கக் குனிந்தேன். குனிந்ததில் வேட்டி இறுகியது. இறுகியதில் உள்ளே இருந்த ஆளுக்கு இடம் போதவில்லை. இந்த முறை அது குத்திய இடத்தை எழுத்தில் சொல்ல முடியாது. சொன்னால் என் மகள் இதை யாருக்கும் வாசிக்கக் கொடுக்கமாட்டாள்.

சால்வை பறந்தது. படலையிலிருந்து வரம்பு நெடுக நான் விழுங்கி வைத்திருந்த சத்தம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வெளியே வந்தது. பக்கத்து மரத்திலிருந்த கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. என் கைகள் யாரையும் கேட்காமல் வேட்டியை அவிழ்த்தன. அவிழ்த்து, அந்த வீட்டில் இத்தனை வருடம் பழகியபடி, பலமாக ஒரு உதறு உதறின. காலையில் உதறியிருக்க வேண்டிய அதே உதறல்.

நல்ல வளர்ந்த நட்டுவக்காலி. வேட்டி மடிப்பிலிருந்து எழும்பி, எல்லோருடைய தலையும் அதன் பின்னால் திரும்ப, வளைந்து போய்க் குழிக்குள் இறங்கியது. பெட்டியின் மூடியில் டக் என்று ஒரு சத்தம் கேட்டது.

சவக்காலையே அமைதியாகிவிட்டது. மாமாவின் நெஞ்சுக்கு மேலே, மூடியில் வைத்திருந்த மாலைக்குப் பக்கத்தில் அது வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. குழியின் விளிம்பில் நான், முல்லை இல்லத்தின் மஞ்சள் காற்சட்டையோடு, கையில் வேட்டியோடு நின்றேன். அந்த அமைதிக்குள் தூரத்து வயல் காவல் வாடி ஒன்றிலிருந்து யானை வெடி ஒன்று வெடித்தது. என் சத்தம் அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

முதலில் பேசியது போன்.

"அத்தான்," என்றான் தீபன் கட்டாரிலிருந்து, "ஆர்ர காச்சட்ட அது?"

பின்னால் நின்ற இளவல் ஒருவன் கம்பால் அதை எடுத்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டான். தம்பிராசா அண்ணன் குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"கிடக்கட்டும் விடுங்க" என்றார். "தனியாத்தானே போறார். மருமகன் துணைக்கு ஆள் அனுப்பியிருக்கார்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். தோள் குலுங்கியது. பிறகு அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் மற்றவர்கள் எதற்காகக் காத்திருந்தார்களோ அது கிடைத்துவிட்டது. அந்த மழை மூட்டத்துக்குள், திறந்த குழியைச் சுற்றி நின்று, பழுகாமத்து ஆண்கள் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். நான் அந்தக் காற்சட்டையோடே மூன்று பிடி மண்ணை அள்ளிப் போட்டேன், மாமாவுக்கும் அவருடைய துணைக்கும் சேர்த்து.

வீட்டுக்குத் திரும்பி வந்த அந்த நடையைப் போல ஒரு நடை நான் நடந்ததில்லை. தொடை வீங்கி, கால் தரையில் பட மறுத்தது. ஆனால் அதுவல்ல பிரச்சினை. ஆரும் சிரிக்கக் கூடா என்று ஒருத்தி சொல்லியனுப்பியிருக்கிறாள், ஊரையே சிரிக்க வைத்துவிட்டு வருகிறேன். அவள் வாழ்நாளில் என்னிடம் கேட்டதில் மிகச் சின்னது அது, அதைக்கூட என்னால் செய்து கொடுக்க முடியவில்லை. குளத்தில் விழுந்து செத்துவிடலாமா என்று நினைத்தேன். பிறகு, அதற்கும் நான் சத்தம் போட்டுத்தான் விழுவேன் என்று தோன்றியது.

கிணற்றடியில் முழுகிவிட்டு நின்றபோது சுகந்தி வந்தாள். தீபன் எனக்கு முன்னால் செய்தியைச் சேர்த்துவிட்டான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஆக்கள் சிரிச்சாங்களா?" என்று கேட்டாள்.

"ஓம்."

"தம்பிராசா அண்ணனும் சிரிச்சாரா?"

"அவர்தான் முதல்ல."

அவள் குசினிக்குப் போனாள். போனவள் ஒரு சின்ன வெங்காயமும் சுண்ணாம்பும் கொண்டுவந்தாள். என்னைக் கிணற்றுக் கட்டில் இருத்தி, வீங்கிய இடத்தைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"இது எப்ப கடிச்ச?"

"படலையத் தாண்டினதும்."

"படலையில இருந்தா? அவ்வளவு தூரமும் பேசாமலா போனீங்க?"

"நீதானே சத்தம் போடக் கூடாண்டு சொன்னாய்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வலிக்கல்லையா?" என்றாள்.

"ம்" என்றேன்.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவளுடைய முகம் கோணியது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். அடைத்த தொண்டையால் சத்தம் வராமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கிணற்றுக் கட்டில் சரிந்து சிரித்தாள். பிறகு அதே மூச்சில் அழுதாள், பெட்டி சுமந்து கன்றிப்போன என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு. எனக்கு அந்தத் தோளும் வலித்தது. அதைச் சொல்லவில்லை.

பெரிய மாமி அங்கே வந்து எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள இது, செத்த வீட்டில சிரிக்கக் கூடா."

"வேட்டிய உதறக் கூடாண்டும் நீங்கதானே மாமி சொன்னீங்க?" என்றேன்.

பெரிய மாமி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் புதிதாகச் சட்டம் எதுவும் போடவில்லை.

ஆஸ்பத்திரிக்கும் போனேன். ஏன் உடனே வரவில்லை என்று டொக்டர் ஏசினார். மாமாவைத் தூக்கிக்கொண்டிருந்தேன் என்றேன். விறைக்கிற ஊசி ஒன்று போட்டார்கள். ஊசி போட்ட தாதி, "நீங்கதானா அந்த வீடியோவில வாற ஆள்?" என்று கேட்டார். (போன் பிடித்த பொடியன் அதைப் பதிவும் செய்திருக்கிறான்.) அப்போது மாமாவை அடக்கம் பண்ணி ஒரு பொழுதுகூட ஆகியிருக்கவில்லை.

ஊரில் என் பெயரும் மாறிவிட்டது. இப்போது யானை மருமகன் என்று யாரும் சொல்வதில்லை. துணைக்கு ஆள் அனுப்பின மருமகன் என்கிறார்கள். செத்த வீடுகளில் தூக்குவதற்கு என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். தப்பித் தவறிக் கூப்பிட்டால், யாராவது ஒருவர் என் காதுக்குள் வந்து, "வேட்டிய உதறினீங்களா தம்பி?" என்று மரியாதையாகக் கேட்பார்.

வருடா வருடம் மாமாவின் திதிக்குப் படையல் வைக்கிறோம். சோறு, அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பாற்கறி, மாசிக் கருவாட்டுச் சம்பல், வெற்றிலை பாக்கு. (திதிக்கு மாசி வைக்கக் கூடாதென்று சொல்ல இருந்த ஒரே ஆள் பெரிய மாமி. அவர்தான் வாயைத் திறப்பதில்லையே.) எல்லாம் வைத்து முடிந்ததும் சுகந்தி இலையின் ஓரத்தில் ஒரு சின்ன வெங்காயத்தை வெட்டி வைப்பாள், கொஞ்சம் சுண்ணாம்பும் வைப்பாள். முதல் வருடம் மகள் கேட்டாள், அம்மப்பாவுக்கு வெங்காயம் என்னத்துக்கு என்று.

"கூடப் போன ஆள் அங்க சும்மா இருக்குமா?" என்றாள் சுகந்தி. "கடிச்சாலும் அந்த மனுசன் ம் எண்டுதான் சொல்லுவார். நாமதான் பாத்து அனுப்பணும்."

தீபன் இன்னும் கட்டாரில்தான். திதியன்று காலையிலேயே வீடியோவில் வந்துவிடுவான், வந்ததும் முதல் கேள்வி வெங்காயம் வைத்தாயிற்றா என்பதுதான். அந்த வெங்காயத்தை உரிப்பது இப்போது என் வேலை. காலையில் முழுகிவிட்டு, மாமாவின் அதே வேட்டியை எடுத்து, வளவே அதிர ஒரு உதறு உதறிக் கட்டிக்கொண்டு வந்திருந்து உரிக்கிறேன். கண்ணில் தண்ணீர் வரும். வெங்காயம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், நானும் மறுப்பதில்லை.